ஆறு கார்டுகளும் ஒரு மின் மீட்டரும்



சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் ஜமாஅத்தின் பொருளாளர் மத்ரஸாவுக்கு வந்தார். மின்கட்டண ரசீதை என் மேசைமீது வைத்தார். "ஹஜ்ரத், வெயில் காலம்தான், இருந்தாலும் இவ்வளவு வருமா? லைனில் எங்காவது லீக் இருக்குமோன்னு எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கேன்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ரசீதில் இருந்த தொகையைப் பார்த்ததும் என் உள்ளங்கை வியர்த்தது. லீக் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அடுத்த அறையில், பிள்ளைகள் கணினி பழகும் மேசைக்கு அடியில், ஆறு மின்விசிறிக் கூட்டங்களுடன் அது இரைந்துகொண்டிருந்தது.

அந்த இயந்திரம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காள் மகன் சிவகாசியில் காலண்டர், டைரி அட்டைகளுக்கு டிசைன் செய்பவன். 2021-இல், பலரையும் போல, எதிரியம் என்ற மின்பணத்தை 'மைனிங்' செய்து சம்பாதிக்கலாம் என்று எண்ணி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்ற கிராஃபிக்ஸ் கார்டு ஆறினை ஒரே கணினியில் பூட்டினான். இது ஹலாலா என்று என்னிடம் கேட்டான். மின்பணம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, சந்தேகமானதை விட்டுவிடுவதே பேணுதல் என்றேன். அவன் விடவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எதிரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. கார்டுகளைக் கொண்டு அதைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் முடிந்துபோயிற்று. உலகெங்கும் பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவனுடைய இயந்திரம் குடோனில், விற்காத காலண்டர் கட்டுகளுக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து, "மாமு, மத்ரஸாப் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

பிள்ளைகளுக்கு ஆறு கார்டு எதற்கு? தஜ்வீது பாடம் கேட்கவும் தமிழில் தட்டச்சுப் பழகவும் ஒன்றுகூடத் தேவையில்லை. அப்போதுதான் அவன் 'ஃபோல்டிங் அட் ஹோம்' என்ற திட்டத்தைப் பற்றிச் சொன்னான்.

நம் வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. என் அம்மா தீப்பெட்டி ஒட்டியவர். காலையில் ஏஜென்ட் வீட்டுக்கு வீடு கட்டுகளைக் கொடுத்துச் செல்வார். திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் ஒட்டுவார்கள். மாலையில் குரோஸ் கணக்கில் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாமதித்தால் அடுத்த கட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். ஆலைக்குள் அடங்காத வேலையை ஊர் முழுவதும் பங்கு போட்டுச் செய்த முறை அது. ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிகளுக்குள் அடங்காத கணக்கை, உலகெங்கும் சும்மா இருக்கும் கணினிகளுக்குச் சிறு பொட்டலங்களாக அனுப்பி, முடித்ததைத் திரும்பப் பெறுவதும் இதே ஏற்பாடுதான். கூலி மட்டும் கிடையாது. 1999-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய இம்முறையைப் பெரிய அளவில் கையாண்டது. மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் ஃபோல்டிங் அட் ஹோம் தொடங்கியது. நம் உடலின் புரதங்கள் எவ்வாறு மடிந்து உருவம் கொள்கின்றன, எங்கே பிழையாக மடிந்து நோயாகின்றன என்று அது கணக்கிடுகிறது.

புரதம் மடிவது குறித்த ஆய்வு நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டாம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப இயலும், எவற்றில் இயலாது என்பதை வரைபடமாக்கி 1963-இல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரும். இன்றும் உலகின் எந்த ஆய்வுக்கூடத்திலும் ஒரு புரத வடிவம் சரியா என்று பார்க்க 'ராமச்சந்திரன் வரைபடம்' விரிக்கப்படுகிறது. மேசைக் கணினி என்றால் என்னவென்று உலகம் அறியாத காலத்தில் சென்னையில் நடந்த வேலை அது.

என்னை அதில் இழுத்தது இந்த வரலாறு அன்று. நோய்களின் பட்டியலில் அல்சைமர் என்ற பெயர் இருந்தது. என் அத்தா கடைசி மூன்று வருடங்கள் அந்நோயில் இருந்தார்கள். அஸர் தொழுது முசல்லாவை மடித்து வைத்துவிட்டு, சற்று நேரத்தில், "அஸர் தொழுதாச்சா?" என்று என்னிடம் கேட்பார்கள். தொழுதாச்சு அத்தா என்பேன். மீண்டும் ஒளூச் செய்யப் போவார்கள். மூளையில் அமைலாய்டு என்ற புரதத் துணுக்குகள் தவறாக ஒட்டிப் படிவது அந்நோயின் அடையாளங்களுள் ஒன்று என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பத்து வருடம் கழித்து, என் மாணவர்களின் மேசைக்கு அடியிலேயே அதைப் பற்றிய கணக்குக்கு இடம் கிடைக்கும் என்றவுடன், மறுபேச்சின்றிச் சுவிட்சைப் போட்டேன்.

அங்கேதான் இரண்டு பிழைகள் செய்தேன். ஒன்று தொழில்நுட்பப் பிழை. மற்றது தீனின் பிழை.

முதலாவதைச் சொல்கிறேன். இத்தகைய பழைய இயந்திரம் வைத்திருப்பவர்கள் நம்மில் வேறு சிலரும் இருக்கக்கூடும். மைனிங்குக்கு ஏற்ற கணினி ஃபோல்டிங்குக்கு அப்படியே ஏற்றதாகாது. மைனிங்கில் கார்டு தனக்குள்ளேயே சுழன்றுகொண்டிருக்கும். மூளையாகிய பிராசசரைத் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே மருமகன் இருப்பதிலேயே மலிவான இரண்டு கோர் செலரான் பிராசசரையும் 4 ஜிபி ரேமையும் போட்டிருந்தான். ஃபோல்டிங்கில் ஒவ்வொரு என்விடியா கார்டும் தனக்கு ஊட்டிவிட பிராசசரின் ஒரு த்ரெட்டை முழுமையாகக் கேட்கிறது. ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு கை. கார்டுகள் பாதி நேரம் வாயைத் திறந்தபடி காத்திருந்தன. மின்சாரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய ஐ7-6700 பிராசசர் ஒன்றை வரவழைத்தோம். அதே போர்டில் பொருந்தியது, எட்டு த்ரெட். ரேமை 16 ஜிபி ஆக்கினோம். மறுநாளே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது ரைசர். ஆறு கார்டுகளையும் ஒரே போர்டில் நேராகச் செருக இடமில்லாததால், யுஎஸ்பி கேபிள் போன்ற ஒன்றின் வழியே தள்ளி நிறுத்தியிருப்பார்கள். ஒரு கார்டு மட்டும் நீண்ட துளையில் நேராக அமரும். மற்றவை ஒற்றைத் தடத்தில் பேச வேண்டும். மைனிங் போர்டுகளில் அந்தத் தடத்தின் வேகத்தையும் பயாஸில் ஜென் 1 என்று தணித்து வைப்பது வழக்கம். அதில் விநாடிக்கு 250 மெகாபைட் போகும். ஜென் 3 என்று மாற்றினால் ஏறத்தாழ 985. எங்கள் ரைசர்களில் இரண்டு அந்த வேகத்தைத் தாங்கவில்லை, கார்டு பாதியில் காணாமல் போயிற்று. அவற்றை ஜென் 2-இல் நிறுத்தினோம். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டதும் இந்தத் தட நெருக்கடி இன்னும் குறைந்தது.

மூன்றாவது விஷயம்தான் என்னை உண்மையில் உறுத்தியது. மைனிங் செய்வோர் கார்டின் மெமரியை அதன் இயல்புக்கு மேலே விரட்டி வைப்பார்கள். அங்கே ஒரு கணக்கு பிழைத்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். மருமகன் வைத்த அந்த வேகம் மாறாமல் இருந்ததால் எங்களுடைய கணக்குகள் இடையிடையே பிழையாகி, பாதியில் கைவிடப்பட்டன. ஃபோல்டிங்கில் ஒரு புரதத்தின் அசைவு நீண்ட சங்கிலி. ஒரு பொட்டலம் முடிந்து திரும்பிய பிறகுதான் அதன் முடிவிலிருந்து அடுத்த பொட்டலம் பிறக்கும். நாம் ஒன்றை எடுத்துக்கொண்டு சிதைத்தாலோ தாமதித்தாலோ, அச்சங்கிலி அங்கேயே நிற்கும். தவணை கடந்தால் இன்னொருவருக்குத் தருவார்கள்; அதுவரை போன நேரம் போனதுதான். அமானத் என்பதைப் பிள்ளைகளுக்குப் பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன். வாங்கிய பொருளைக் கெடுத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது என் இயந்திரம். எல்லா வேகங்களையும் தொழிற்சாலை அளவுக்குத் திருப்பி வைத்த பிறகே பிழைகள் நின்றன.

பிறகு மின்சாரத்தைச் சுருக்கினோம். இந்தக் கார்டின் உச்ச அளவு 125 வாட். 'என்விடியா-எஸ்எம்ஐ' என்ற கட்டளையால் அதை 85 வாட்டுக்கு மேல் உறிஞ்சாதபடி கட்டலாம். மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; வேகம் எங்கள் கணக்கில் பத்தில் ஒரு பங்கு அளவே குறைந்தது. கணினியை அணைத்துப் போட்டால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். ஆகையால் தொடக்கத்திலேயே தானாக ஓடும்படி எழுதி வைக்க வேண்டும். இதை அறியாமல், மின்தடை வந்துபோன ஒவ்வொரு முறையும் 125-இலேயே ஓடவிட்டிருக்கிறேன்.

எங்கள் வெயிலையும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் மழை குறைவு, காற்று வறண்டது. பட்டாசும் தீப்பெட்டியும் இங்கே வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். அதே வறட்சியில் உடலில் நிலைமின்சாரம் தேங்கும். கார்டைக் கழற்றப் போன என் கையைப் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தடுத்தார். மருந்து அறைக்குள் போகுமுன் அவர்கள் செப்புத் தகட்டைத் தொட்டு உடலின் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குவார்களாம். "மொதல்ல இரும்பத் தொடுங்க பாய், அப்புறம் இதத் தொடுங்க" என்றார். கணினிப் புத்தகத்தில் இருப்பதையே அவர் தன் பிழைப்பிலிருந்து சொன்னார். கார்டுகளுக்கிடையே நான்கு விரல் இடைவெளி விட்டு, ஒரு பழைய மேசை விசிறியைப் பக்கவாட்டில் வைத்தோம். மாதம் ஒருமுறை தூசி தட்டுகிறோம்.

இத்தனையும் சரியாக நடந்துகொண்டிருந்த நாளில்தான் பொருளாளர் வந்தார்.

நான் நன்மை செய்வதாகவே எண்ணியிருந்தேன். எவருடைய பொருளைக் கொண்டு என்பதை மட்டும் எண்ணவில்லை. மத்ரஸாவின் மின்கட்டணம் ஜமாஅத்தின் பணம். ஜும்ஆ உண்டியலில் போட்ட பத்து ரூபாய்களும், பள்ளிவாசல் கடை வாடகையும் சேர்ந்தது. தம் பிள்ளைகள் குர்ஆன் ஓத வெளிச்சம் வேண்டும் என்ற நிய்யத்தில் அதைக் கொடுத்தவர்களிடம், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு அதைச் செலவிடலாமா என்று நான் கேட்கவில்லை. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அரசு வேலைக்காக எரிந்த விளக்கை, சொந்தப் பேச்சு தொடங்கியதும் அணைத்துத் தம் சொந்த விளக்கை ஏற்றச் சொன்னதாக வரும் நிகழ்ச்சியை ஆண்டுதோறும் நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். அடுத்த அறையில் ஆறு கார்டுகள் ஓடும்போதும் சொல்லியிருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் வரவேண்டாம் என்றேன். பொருளாளரை உள்ளே அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் சிறிது நேரம் கார்டுகளைப் பார்த்தார். "நல்ல காரியம்தானே ஹஜ்ரத், நிர்வாகத்தில் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு மேலும் பாரமாயிற்று. தனி மீட்டர் இல்லாததால் துல்லியமான கணக்கு இல்லை. முந்தைய ஆண்டு அதே இரண்டு மாதத்து ரசீதை எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் என் கணக்கில் எழுதினேன். வெயிலுக்கு ஓடிய விசிறியும் அதில் சேர்ந்திருக்கலாம், இருக்கட்டும். மூன்று தவணையில் உண்டியலில் போடாமல் ரசீது பெற்றுச் செலுத்தினேன். இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் வேறொரு விசாரணை காத்திருந்தது. "மத்ரஸா கரண்ட்டுன்னா ஹராம், வீட்டுக் கரண்ட்டுன்னா இனிக்குமா?" என்றாள் மனைவி. கையில் நோட்டுடன் கணக்குப் போட்டோம். ஆறு கார்டும் உச்ச அளவில் ஓடினால் 750 வாட், மற்றவை சேர்த்து 850-க்கு மேல். நாள் முழுதும் ஓடினால் 20 யூனிட். இரண்டு மாத ரசீதில் 1,200 யூனிட். அப்போது நம் மாநிலத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500-ஐத் தாண்டினால் படி ஏறிக் கட்டணம் கூடும் என்பதைக் குடும்பத் தலைவிகள் என்னைவிட நன்றாக அறிவார்கள். ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்ற நபி (ஸல்) அவர்களின் போதனையை அவள் எனக்கே நினைவூட்டினாள்.

மூன்று கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டோம். தலா 85 வாட். சுவரிலிருந்து எடுக்கும் அளவைப் பார்க்க ஒரு சிறு மீட்டர் வாங்கிச் செருகினேன். மொத்தம் 350 வாட் காட்டுகிறது. இஷாவுக்குப் பின் தொடங்கி எட்டு மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்கு 170 யூனிட் அளவில் நிற்கிறது. ஃபஜ்ருக்கு எழும்போது 'முடித்துவிட்டு நிறுத்து' என்ற பொத்தானை அழுத்துவேன். கையிலுள்ள பொட்டலத்தை முடித்து அனுப்பிவிட்டுத் தானே ஓய்ந்துவிடும். பாதியில் அணைத்து அடுத்த இரவு தொடர்வதைவிட இதுவே நல்லது. சில நாள் காலை ஒன்பது மணிவரைகூட ஒரு கார்டு முனகிக்கொண்டிருக்கும், பொறுத்துக்கொள்கிறோம்.

மற்றுமொரு நோய் எனக்கு வந்தது. இத்திட்டத்தில் முடித்த வேலைக்குப் புள்ளிகள் உண்டு. விரைவாகத் திருப்பினால் போனஸும் உண்டு. உலகத் தரவரிசையும் அணிகளின் பட்டியலும் இருக்கின்றன. தஹஜ்ஜுதுக்கு எழுந்த ஓர் இரவில் முசல்லாவை விரிக்குமுன் கைப்பேசியில் புள்ளிகளைப் பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். எங்கோ ஓர் ஊர்க்காரரை முந்திவிட்ட மகிழ்ச்சியுடன் தக்பீர் கட்டினேன். ஸலாம் கொடுத்த பிறகு வெட்கமாக இருந்தது. இப்போது பெயரில்லாமல் ஓட்டுகிறேன். அப்படி ஓட்டினால் விரைவு போனஸ் கிடைக்காது. மருமகனுக்கு அதில் வருத்தம்.

அவன் கேட்ட வேறொரு கேள்வி நியாயமானது. 2024-இல் வேதியியல் நோபல் பரிசு புரத ஆய்வுக்குத்தானே கொடுத்தார்கள், ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு புரத வடிவங்களைச் சொல்லிவிடுகிறதே, இனி நம்முடைய மூன்று கார்டுகள் எதற்கு என்றான். படித்துப் பார்த்ததில் எனக்கு விளங்கியது இதுதான்: அது மடிந்து முடிந்த வடிவத்தைச் சொல்கிறது. மடியும் வழியையும், ஓயாத அசைவையும், இடையில் ஒரு நொடிப்பொழுது திறந்து மூடும் மருந்துப் பள்ளங்களையும் காண இன்றும் இந்த நீண்ட கணக்கு வேண்டும். 2020 மார்ச், ஏப்ரலில், நம் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த நாட்களில், கொரோனா கிருமியின் புரதத்தை இவ்வாறுதான் ஆராய்ந்தார்கள். வீடடங்கிய மக்கள் தம் கணினிகளைக் கொடுத்ததில் அதன் கூட்டு ஆற்றல் எக்ஸாஃப்ளாப் அளவைக் கடந்தது. விநாடிக்கு ஒன்றையடுத்துப் பதினெட்டுச் சுழியங்கள் அளவு கணக்கு. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களைக் கூட்டினாலும் அவ்வளவு வராது என்று அத்திட்டத்தினர் அறிவித்தார்கள்.

இது ஸதகத்துல் ஜாரியா ஆகுமா என்று எனக்கு ஓதித்தந்த மூத்த ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். நான் முஃப்தி அல்லன். என்னிடம் இருப்பது டிப்ளமோ. பயன் தரும் கல்விக்கு உதவுவது நன்மையே, நிய்யத்தை அல்லாஹ் அறிவான் என்றார்கள். பிறகு, "உன் தெருவில் இன்சுலின் வாங்க முடியாதவர் யாராவது இருக்கிறாரா?" என்று கேட்டார்கள். இருக்கிறார். அந்த வார்த்தை இன்னும் என்னிடம் தங்கியிருக்கிறது. நான் ஒரு மாதத்துக்குச் செலுத்தும் கூடுதல் கட்டணத்தைக் கணக்கிட்டு அதே தொகையை அவர் வீட்டுக்கும் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். இது மார்க்கச் சட்டம் அன்று, என் மனத்துக்கு நானே போட்ட மீட்டர். ஒரு மாதம் அவருக்குக் கொடுக்க முடியாமல் போனது. அந்த மாதம் கார்டுகளையும் நிறுத்தி வைத்தேன்.

மீதி மூன்று கார்டுகளில் ஒன்று இப்போது மத்ரஸாவிலேயே, ஓவியம் வரையப் பழகும் ஒரு மாணவனின் கணினியில் இருக்கிறது. இம்முறை நிர்வாகத்தில் கேட்டுவிட்டே பூட்டினேன். இன்னொன்றை விற்றோம். ஆறாவது, ரைசர் பழுதாகிக் காணாமல் போய்க்கொண்டிருந்த அந்தக் கார்டு, அலமாரியில் அத்தாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் இருக்கிறது. கார்டில் பழுதில்லை, ரைசர்தான் பழுது என்று மருமகன் சொல்கிறான். புது ரைசர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறான். மனைவியிடம் இன்னும் கேட்கவில்லை.